பாட்டு ஏன் கரகரக்கிறது? காருக்குள் ஒரு மின்சாரப் பாடம்

மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குச் செல்லும் சாலையிலும், கல்யாண நாள்களில் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் உறுமி மேளப் பாட்டை அதிரவிட்டுச் செல்லும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். சில கார்களில் உறுமியின் ஓசை தெளிவாக வந்து நெஞ்சில் மோதும். வேறு சிலவற்றிலோ ஒலியைக் கூட்டியதும் பாட்டு கரகரக்கும். "ஸ்பீக்கர் போய்விட்டது" என்று சொல்லிப் புதிது வாங்கி மாட்டுவார்கள். சில வாரங்களில் அதுவும் கரகரக்கும். பணம் போனதுதான் மிச்சம். உண்மையான காரணம் அங்கேயே இருக்கும்.

அந்தக் காரணத்தைத் தேட நீங்கள் பள்ளியில் படிக்கும் ஓம் விதியும் மின்திறன் சூத்திரமும் போதும்.

தலை வெட்டப்பட்ட அலை

பெருக்கி, அதாவது ஆம்ப்ளிபயர், புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. சிறிய ஒலி அலையின் வடிவத்தைப் பார்த்து, மின்கலத்திலிருந்து வரும் மின்சாரத்தை அதே வடிவத்தில் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஆகவே, தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைவிட உயரமான அலையை அதனால் வரைய முடியாது.

தாழ்வான கூரையுள்ள அறையில் குதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லக் குதித்தால் தொல்லையில்லை. உயரக் குதித்தால் தலை இடிக்கும். ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டும்போது அலையின் உச்சி இப்படித்தான் இடிபட்டுத் தட்டையாகிறது. வளைவான அலை சதுர அலைபோல் மாறுகிறது. சதுர அலையில் மூல அதிர்வெண்ணோடு அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்திருக்கும். பாட்டில் இல்லாத அந்தப் புது ஒலிகளே நம் காதில் கரகரப்பாக விழுகின்றன.

50 வாட் என்பது உண்மையா?

பல கார் வானொலிப் பெட்டிகளில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. 14.4 × 14.4 ÷ 4 = ஏறக்குறைய 52 வாட்.

ஆனால், மின்னழுத்தம் எப்போதும் உச்சியிலேயே நின்றால்தான் இந்த 52 வாட் கிடைக்கும். அதாவது, அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்கான சைன் அலையின் சராசரித் திறன் இதில் பாதிதான்: 26 வாட். அட்டையில் உள்ள எண்ணை நம்பி ஒலியைக் கூட்டினால் நாம் கேட்பது கெட்டுப்போன ஒலியைத்தான். கூடுதல் திறன் வெப்பமாகவும் மாறுகிறது. மேல் சுரங்களுக்கான சிறிய ட்வீட்டர் ஸ்பீக்கரின் மெல்லிய கம்பிச்சுருள் பெரும்பாலும் முதலில் கருகிவிடும்.

மெல்லிய கம்பியின் விலை

தனியாகப் பொருத்தும் பெரிய பெருக்கி, மின்கலத்தின் 12 வோல்ட்டைத் தனக்குள்ளேயே உயர்த்திக்கொள்ளும். அதனால் 'கூரை' உயரமாகிறது; அதற்குப் பதிலாக மின்னோட்டம் அதிகம் தேவைப்படுகிறது. அது 40 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னாலுள்ள மின்கலத்திலிருந்து பின்பெட்டி வரை 5 மீட்டர் செப்புக் கம்பி. அதன் குறுக்குவெட்டு 4 சதுர மில்லிமீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.021 ஓம். 40 × 0.021 = 0.84 வோல்ட் கம்பியிலேயே இழப்பு. சுமார் 34 வாட் வெப்பத்தில் கம்பியும் சூடாகும். 20 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்.

மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையையும் மறக்கக்கூடாது. பெருக்கியின் 'எர்த்' கம்பியைக் காரின் இரும்பு உடலில் முடுக்கியிருப்பார்கள். தோட்டத்துச் செம்மண் சாலையின் குலுக்கலில் அந்தத் திருகாணி தளரலாம். மழை ஈரத்தில் துருவும் ஏறலாம். வெறும் 0.05 ஓம் துரு 40 ஆம்பியரில் 2 வோல்ட்டை விழுங்கிவிடும். கூரை மீண்டும் தாழ்ந்துவிடும்!

படிப்படியாகத் தேடுவோம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அறிவியல் கூடத்தில் மாறிகளைக் கையாளும் அதே முறைதான்.

1. ஒலியைக் குறையுங்கள். அப்போது கரகரப்பு மறைந்தால் அலை வெட்டுப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். குறைந்த ஒலியிலும் இருந்தால் ஸ்பீக்கரோ இணைப்போ பழுதாகியிருக்கலாம்.

2. வேறொரு பாட்டை, வேறொரு கைப்பேசியிலிருந்து ஒலிக்க விடுங்கள். பதிவே மோசமாக இருந்தால் பெருக்கியைக் குறைசொல்லிப் பயனில்லை.

3. பெருக்கியை அணைத்துவிட்டு, இடது, வலது ஸ்பீக்கர் கம்பிகளைப் பெருக்கியில் இடம் மாற்றுங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரில் நீடித்தால் கோளாறு அந்த ஸ்பீக்கரில் அல்லது அதன் கம்பியில். மறுபக்கத்துக்குத் தாவினால் கோளாறு பெருக்கியில் அல்லது அதற்கு முன்னால்.

4. பாட்டு உரக்க ஒலிக்கும்போது பெருக்கியின் மின்முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மேள அடிக்கும் எண் சரிந்தாலோ, முன்விளக்கு மங்கினாலோ மின்கலம், கம்பி, எர்த் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

5. 'கெயின்' திருகியைப் பாருங்கள். அது ஒலியைக் கூட்டும் திருகி அல்ல. வானொலிப் பெட்டியின் அளவுக்குப் பெருக்கியை இசைவாக்குவது. அதைக் குறைத்துவிட்டு, பெட்டியின் ஒலியை முக்கால் பங்கு வையுங்கள். கெயினை மெல்லக் கூட்டி, கரகரப்பு தொடங்கியதும் சற்றே பின்வாங்குங்கள். 'பாஸ் பூஸ்ட்' அணைந்திருக்கட்டும். அதில் 6 டெசிபல் கூட்டினாலே அடித்தொனிக்கு 4 மடங்கு திறன் தேவை.

6. ஸ்பீக்கர்களை எண்ணுங்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் மாட்டினால் மொத்தம் 2 ஓம்தான். மின்னோட்டம் இரட்டிப்பாகும். பெருக்கி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும்.

கரகரப்புக்குப் பதிலாக, இயந்திர வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊ...' என்ற ஓசை கேட்டால் அது வேறு கதை. காரின் மின்னாக்கி எழுப்பும் இரைச்சல் எர்த் வழியாகவோ ஒலிக்கம்பி வழியாகவோ நுழைகிறது. ஒலிக்கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கி, காரின் மறுபக்கமாகக் கொண்டுபோவது நல்லது. இது பழைய தொல்லைதான். 1930இல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' கார் வானொலியைக் கொண்டுவந்தபோதே இயந்திரத்தின் மின்பொறி இரைச்சலோடு போராட வேண்டியிருந்தது.

விளையாட்டல்ல

12 வோல்ட் நம்மைத் தாக்காது. ஆனால் காரை எரித்துவிடும். மின்கலத்துக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். அடிக்கடி அறுந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள், ஏன் அறுகிறது என்று தேடுங்கள். கம்பியைத் தொடுவதற்கு முன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். இவற்றை அப்பா, அண்ணன் அல்லது பட்டறைக்காரர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

காதையும் கவனியுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரமே தாங்கும் என்பது தொழில் பாதுகாப்பு வல்லுநர்களின் கணக்கு. 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். ஸ்பீக்கர் கருகினால் கடையில் வேறு வாங்கலாம். உட்காதில் அழிந்த நுண்முடி அணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

அடுத்த முறை வீட்டில் யாராவது "புது ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன்" என்றால், முதலில் அந்த எர்த் திருகாணியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.