லயத்து வாசலில் நிலைத்து நிற்கும் பூச்செடிகள்

“வீடே நம்மளுது இல்ல. பெரட்டுக்குப் போயி வந்து கையக் காலக் கழுவவே பொழுது சரியாப் போகுது. இதுல பூச்செடி ஒண்ணுதான் கொறச்சலா, தம்பி?”

தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நாம் கேட்கும் பேச்சு இது. நியாயமான பேச்சுதான். ஆனால் அதே லயத்தில் நாலு வீடு தள்ளி, வாசல் நிறையப் பூத்துக் கிடந்த ஒரு வீட்டையும் பார்த்தோம். அந்த வீட்டு அம்மாவும் அதே பெரட்டுக்குத்தான் போகிறார். சூட்சுமம் செடியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மூன்று மாதத்தில் பூத்துக் காய்ந்துபோகும் வகைகளை விட்டுவிட்டு, ஒரு தடவை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வகைகளை அவர் வைத்திருக்கிறார்.

முதலில் செம்பருத்தி. 1960-ல் நம் நாட்டின் தேசிய மலரான புங்கா ராயா இதுதான். பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சியை வெட்டி, மழை தொடங்கும்போது ஊன்றினால் போதும். வேலியோரமாக மூன்றடிக்கு ஒன்று வையுங்கள். மாவுப்பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள்.

நடைபாதை ஓரத்துக்கு இட்லிப்பூ. குட்டை வகையை அடிக்கு ஒன்றாக நட்டு, கத்தரித்து விட்டால் சுவர்போல நிற்கும். தோட்டத்துப் புளித்த செம்மண் இதற்கு மிகவும் பிடிக்கும். சிமெண்டுச் சுவரை ஒட்டி மட்டும் நடாதீர்கள்; சுண்ணாம்பு இறங்கி இலை வெளுத்துப்போகும். வெயில் காயும் மூலைக்குக் காகிதப்பூ வையுங்கள். அதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலைதான் வரும், பூ குறையும்.

வாசல் மேடும் கல்லுமாக இருக்கிறதா? கவலை வேண்டாம். கற்களைச் சரிவாக அடுக்கி, இடுக்குகளில் மணலும் மக்கிய சாணமும் கலந்த மண்ணைப் போட்டு, நித்தியகல்யாணியும் பத்துமணிப் பூவும் நடுங்கள். இரண்டும் காய்ச்சலைத் தாங்கும். தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும். பத்துமணிப் பூ இளைத்துப்போனால் நுனியைக் கிள்ளி நட்டால் மறுபடி தழைக்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அரளி எவ்வளவு அழகாகப் பூத்தாலும் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். ஆடு மாடு தின்றாலும் ஆபத்து. நித்தியகல்யாணியிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதை நம்பி, இலையை வேகவைத்துக் குடிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வேண்டாம் ஐயா! அதுவும் நஞ்சுதான்.

இன்னொன்று: பழைய டயர், பால் மங்கு, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, இவற்றில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒரு தடவை கொட்டிக் கவிழ்த்து விடுங்கள். பூ வளர்க்கப்போய் டிங்கியை வளர்த்துவிடக் கூடாது.

“வீடே நம்மளுது இல்ல” என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு தோட்டம் கைமாறி, வீடுகளைக் காலி செய்யச் சொன்ன நாளில் நாம் அங்கே இருந்தோம். சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. ஒரு பாட்டி மட்டும் ஈரச் சாக்கில் எதையோ சுற்றி மடியில் வைத்திருந்தார். “என்ன பாட்டி அது?” என்று கேட்டோம்.

“செம்பருத்திக் குச்சி, தம்பி. எங்க வீட்டுக்காரரு நட்டது. வீட்டத் தூக்கிட்டுப் போக முடியாது. இது வரும்ல?”

இப்போது அவர் இருப்பது அடுக்குமாடி வீட்டில். தாழ்வாரத்தில் பழைய எண்ணெய்த் தகரம். அதில் அதே செம்பருத்தி. காலையில் ஒரு பூ சாமிக்குப் போகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்குங்கள். காசு ஒன்றும் செலவில்லை. நட்டுத்தான் பாருங்களேன்!