செல்போனில் அழித்தால் கூகுளிலும் காலி! கல்யாண போட்டோக்கள் உஷார்

"மெமரி புல்" என்று செல்போன் கத்த ஆரம்பித்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். போட்டோக்களை வரிசையாக டிக் பண்ணி அழித்துத் தள்ளுவார்கள். "எல்லாம்தான் கூகுள்ல ஏறியிருக்கே, அப்புறம் எடுத்துக்கலாம்" என்ற தைரியம். வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது.

கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை அழித்தால், செல்போனில் இருப்பதோடு இன்டர்நெட்டில் ஏறிய நகலும் சேர்ந்தே போய்விடும். கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள், ரேஷன் கார்டை எடுத்து வைத்த படம்... எதற்கும் விதிவிலக்கு கிடையாது.

பலர் இதை பீரோ லாக்கர் மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் இது கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் நடப்பதுதான் அந்தப் பக்கமும் நடக்கும். ஆப்பிளின் ஐகிளவுட் போட்டோஸிலும் இதே கதைதான். ஐபோனில் அழித்தால் ஐபேடிலும் இருக்காது.

2015-ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது அதன் பலமே எளிமைதான். ஒரு சுவிட்சை ஆன் செய்தால் போதும், எடுக்கிற படமெல்லாம் தானாக ஏறிவிடும். எந்த போல்டர், எங்கே நகல் என்று மண்டையைக் குழப்ப வேண்டாம். ஆனால் எதை வைப்பது, எதை எங்கிருந்து அழிப்பது என்ற பிடி அந்த ஒரு சுவிட்சுக்குள்ளேயே போய்விட்டது.

இந்த குழப்பம் கூகுளுக்கும் தெரியாமல் இல்லை. முன்பு கூகுள் டிரைவும் போட்டோஸும் இணைந்தே இயங்கின. ஒன்றில் அழித்தது இன்னொன்றிலும் காணாமல் போக, ஜனங்கள் திணறினார்கள். கடைசியில் 2019 ஜூலையில் அந்த இணைப்பை கூகுளே வெட்டிவிட்டது.

சரி, செல்போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால்? அதே ஆப்பில் 'இடத்தை காலி செய்' என்ற பொருளில் தனி பட்டன் இருக்கிறது. ஏற்கனவே ஏறிய படங்களை மட்டும் செல்போனிலிருந்து நீக்கும், இன்டர்நெட் நகலில் கை வைக்காது. இதிலும் ஒரு சங்கதி. படங்கள் சைஸ் குறைத்து ஏறும்படி வைத்திருந்தால், மிஞ்சுவது அந்த குறைந்த நகல்தான். பெரிய பிரேம் போட பிரிண்ட் எடுத்தால் பல்லிளிக்கும்.

பென்டிரைவில் ஒரு நகல் போட்டு வைப்பது வேலை ஜாஸ்திதான். ஆனால் செல்போனில் அழித்தாலும் அந்த நகல் சேர்ந்து அழியாது.

இலவச இடமும் முன்பு போல இல்லை. 2021 ஜூன் 1 முதல் போட்டோ, ஜிமெயில், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. கணக்கு. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் ஏறுகிறது. குட்மார்னிங் வீடியோக்களும் சேர்த்துத்தான்! இடம் நிரம்பிவிட்டால் ஜிமெயிலுக்கு புது ஈமெயில் வராமல் நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு இன்டர்வியூ தகவலுக்கு காத்திருப்பவர்களுக்கு இது பெரிய அடி.

தெரியாமல் அழித்துவிட்டவர்கள் உடனே ஆப்பில் இருக்கும் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்க்கலாம். இன்டர்நெட்டில் ஏறிய படம் என்றால் 60 நாள் அங்கே கிடக்கும். ஏறாத படத்துக்கு 30 நாள்தான்.