ஒற்றன் எனப்பட்ட புலவனும் ஈழத்து இதழாளரும்

சோழன் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே குடியிற் பிறந்திருந்தும் ஒருவரையொருவர் அழிக்கப் பொருத காலத்தில், இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்றான். அங்கிருந்த நெடுங்கிள்ளி அவனை ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் இடைபுகுந்து, புலவர் பிறர்க்குத் தீங்கெண்ணாதவர் என எடுத்துரைத்து அவனை உய்வித்தார். புறநானூற்றின் 47ஆம் பாட்டிற்குரிய வரலாறு இது. நாடு இரண்டுபட்டால், செய்தியோடு எல்லை கடப்பவன் இரு தரப்பார்க்கும் ஒற்றனாகவே தோன்றுவான் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. அன்று புலவனுக்கு நேர்ந்த இவ்விடர், நம் காலத்தில் இதழாளர்க்கு நேர்ந்துள்ளது. சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ் வழங்கும் இலங்கையே போதும்.

1959இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகம், 1981 ஜூன் திங்களின் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் சாம்பலானதும் அந்நாள்களிலேதான். போர் முற்றியபின் தீயின் இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டது. பி.பி.சி. தமிழோசைக்கும் 'வீரகேசரி'க்கும் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், தேர்தல் முறைகேடுகளை வெளிப்படுத்திய சில நாள்களில், 2000 அக்டோபர் 19ஆம் நாள், ஊரடங்கு நடப்பிலிருந்த இரவில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். இரு பத்தாண்டுகள் கடந்தும் இலங்கை நீதிமன்றம் எதுவும் அக்கொலைக்காக எவரையும் தண்டிக்கவில்லை. மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் சுடப்பட்டார். 'தராக்கி' என்னும் புனைபெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம், 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்திற்கு அருகே பிணமாகக் கிடந்தார். 2006 மே 3ஆம் நாள் கொழும்பில் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் விழா நிகழவிருக்க, அதற்கு முந்தின நாளிரவு யாழ்ப்பாணத்து 'உதயன்' அலுவலகத்தில் ஆயுதம் ஏந்தியோர் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். சிங்களவராகிய லசந்த விக்கிரமதுங்கவும் 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். இனம் அவரைக் காக்கவில்லை.

இத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மை உரைத்தவராவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியை ரஜனி திராணகம, 'முறிந்த பனை' என்னும் நூலை எழுதியோருள் ஒருவர். இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, விடுதலைப் புலிகள் ஆகிய எத்தரப்பின் கொடுமையையும் அவர் மறைத்தாரில்லை. 1989 செப்டம்பர் 21இல் மிதிவண்டியில் வீடு திரும்புகையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றோர் புலிகளே என அவருடன் உழைத்தவர்கள் பதிவு செய்துள்ளனர். அதே பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வி, 1991 ஆகஸ்டு 30இல் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார், மீளவேயில்லை.

இக்கொடுமைகள் ஏன் நிகழ்கின்றன? முதலாவதாக, போரிடும் ஒவ்வொரு தரப்புக்கும் தன் மக்கள் ஒரே கதையை நம்புதல் வேண்டும். மாற்றுக்கதை கூறுவோன் பகைவனினும் கொடியவனாகத் தோன்றுகிறான். இரண்டாவதாக, பாதைகள் அடைபட்ட நிலத்தில் உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரே கண்கண்ட சாட்சி. 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்து இதழ்களுக்கு அச்சுத்தாளும் அரிதாயிற்று. அத்தகைய இடத்தில் ஒருவரை வீழ்த்தினால் ஒரு மாவட்டமே இருளில் மூழ்கும். மூன்றாவதாக, அச்சம் சாட்சிகளின் வாயை அடைப்பதால் கொலையாளி தண்டனையின்றித் திரிகிறான். சட்டமே கருவியாவதும் உண்டு. தம் கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் ஜெ. எஸ். திசைநாயகம் 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார்; அடுத்த ஆண்டே மன்னிப்பு வழங்கப்பட்டமை அத்தீர்ப்பின் தன்மையை விளக்கும்.

தம்முள் மாறுபடுவோரை வாயடைத்த சமுதாயம், அயலார்க்குத் தீங்கு நேரும்போது தடுத்துரைக்க நாவின்றி நிற்கும். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்டது இரண்டே மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழையே பேசி வாழ்ந்த அம்மக்களுக்காக ஓங்கி ஒலிக்கவேண்டிய குரல்களுள் ஒன்று, ஓராண்டுக்கு முன்னரே தெருவில் வீழ்த்தப்பட்டிருந்தது. ரஜனியின் கொலையைத் தமிழரின் உள்வீட்டுச் செய்தி என எண்ணியிருந்தோர்க்கு, அதன் விளைவு யாரைச் சென்று தாக்கியது என்பதை இவ்வரலாறு சொல்லும்.

இவ்விடத்தில் நாம் நம்மையும் வினவிக்கொள்ளுதல் வேண்டும். அயலார் இதழாளரைத் தாக்கினால் கொதிக்கும் நாம், நம் ஊரிலும் நம் ஜமாஅத்திலும் மாறுபட்டு எழுதும் ஒருவரை எவ்வாறு நடத்துகின்றோம்? 1857இல் 'டில்லி உருது அக்பார்' ஆசிரியர் மௌல்வி முகம்மது பாகிர் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டதைப் பெருமையுடன் நினைக்கின்றோம். மௌலானா ஆசாத்தின் 'அல்ஹிலால்' அடக்குமுறையால் நின்றதை மேடைதோறும் கூறுகின்றோம். ஆயின், பெற்றோர்க்கும் உற்றார்க்கும் எதிராக நேரினும் நீதியின் பக்கம் சான்று பகர்தல் இறைநம்பிக்கையாளர் கடமை எனத் திருமறை வகுத்திருப்பதை நம் வீட்டு வாசலில் மறந்துவிடலாகாது.

அயோத்தியாப்பட்டணத்துத் தேநீர்க் கடையில் நாளிதழைப் பிரிக்கும் நமக்கு ஈழத்துச் செய்தி தொலைதூரச் செய்தியன்று. நம் சேலம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களில் அப்போரின் மக்கள் வாழ்கின்றனர். இதழியல் துறை நாடும் மாணவர்கள் ஒன்றை மனத்தில் இருத்துக: கொல்லப்பட்டவர் எந்தப் பக்கத்தவர் என்று முதலில் கேட்கும் வாசகரும் அக்கொலைக்கு இடங்கொடுத்தவராவார். இளந்தத்தன் உயிர் பிழைத்தது நெடுங்கிள்ளியின் அருளால் மட்டுமன்று. அஞ்சாது வாய்திறக்க ஒரு கோவூர்கிழார் அங்கு இருந்தமையால். எழுதுவோர் அனைவரும் இளந்தத்தர்களாக இயலாது. படிப்போர் ஒவ்வொருவரும் கோவூர்கிழாராக இயலும். அதற்கான துணிவை இக்கல்விக்கூடம் நம் இளையோர்க்கு ஊட்டுவதாக.