காட்டுக்குக் கத்தி வாங்கும் முன்

'கமாண்டோ', 'ஹண்டிங்', 'சர்வைவல்' என்று பெயர் சூட்டி, கறுப்புச் சாயம் பூசி, முதுகில் ரம்பப்பல் வெட்டிய கத்திகள் ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்குக்கூடக் கிடைக்கின்றன. கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் பதினைந்தாயிரத்துக்கு இன்னொன்று. படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். மலையேற்றம், முகாம் என்று கிளம்புகிற இளைஞர்கள் எல்லோரும் கேட்பது, இந்த விலை வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான். வாங்கிய கத்தியை எங்கே கொண்டுபோகலாம், அது உடைந்து கையைக் கிழித்தால் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் குறைவு.

முதலில் இரும்பைப் பார்ப்போம். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் அதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். ஆனால் கூர் நிற்பது பெரும்பாலும் கார்பனைப் பொறுத்தது. மலிவுக் கத்திகளில் அதிகம் காணப்படும் 3சிஆர்13 ரக எஃகில் கார்பன் சுமார் 0.3 சதவீதம்தான். சாணை பிடித்தால் சீக்கிரம் கூராகும், அதைவிடச் சீக்கிரம் மழுங்கும். 440சி ரகத்தில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். அலகில் வெறுமனே '440' என்று மட்டும் பொறித்திருந்தால் அது கார்பன் குறைந்த 440ஏ ஆகவும் இருக்கலாம். அந்த ஒற்றை எழுத்தை விற்பவர் காரணமில்லாமல் விட்டுவிடுவதில்லை.

எஃகின் பெயர் பாதிக் கதைதான். பழுக்கக் காய்ச்சி, குளிரவைத்து, மறுபடி பதமாகச் சூடேற்றும் வேலை மீதிப் பாதி. அதில் கை தவறினால் ஒன்று அலகு வளையும், இல்லையென்றால் கண்ணாடி போல் சில்லுச் சில்லாகப் பெயரும். நல்ல வெளிவேலைக் கத்தியின் கடினத்தன்மை ராக்வெல் அளவுகோலில் 56 முதல் 60 வரை இருக்கும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, கையில் எடுத்தாலும் தெரியாது. தெரிந்த தயாரிப்பாளருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, ஒவ்வொரு கத்தியிலும் இந்தப் பதம் தவறாமல் இருப்பதற்காகத்தான்.

அதற்காக விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்வீடனின் மோரா ஊரில் தயாராகும் சாதாரணப் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி அமெரிக்காவில் ஏறக்குறைய இருபது டாலருக்கு விற்கிறது. காட்டுக்கலை சொல்லித்தரும் ஆசிரியர்கள் மாணவர்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான். பல ஆயிரம் ரூபாய்க் கத்திகளில் வரும், உலோகத் தூளை இறுக்கிச் செய்த எஃகு நாள்கணக்கில் கூர் நிற்கும், உண்மை. ஆனால் ஒருமுறை மழுங்கிவிட்டால் முகாமில் கிடைக்கும் கல்லில் தேய்த்துக் கூராக்குவது பெரும்பாடு. ஓரளவுக்கு மேல் நாம் கொடுக்கும் பணம் மரப்பிடிக்கும் பெயருக்கும் அலங்காரத்துக்கும்தான் போகிறது. அலை அலையாக வரி ஓடும் 'டமாஸ்கஸ்' அலகு என்று விற்பவற்றில், மேற்பரப்பில் லேசரால் வரைந்தவையும் உண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி அமிலத்தில் முக்கினால், இரும்படுக்குகளைச் சேர்த்து அடித்த உண்மையான டமாஸ்கஸில் வரி திரும்ப எழும். வரைந்ததில் எழாது.

விறகு பிளப்பதுதான் முக்கிய வேலை என்றால், லாரி பட்டையில் நம்மூர்க் கொல்லர் அடித்துத் தரும் வெட்டுக்கத்திக்கு மலிவு, விலையுயர்ந்தது என்ற இந்த இரண்டு வகையும் ஈடாகாது என்பது என் கட்சி. பிடி ஆடினாலும் கூர் போனாலும் எந்தப் பட்டறைக்குப் போக வேண்டும் என்பதாவது தெரியும்.

மலிவுக் கத்தி காலை வாருவது பெரும்பாலும் அலகில் அல்ல, பிடியில். அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். பிடியின் கடைசிவரை பட்டையாக ஓடினால் நல்லது. உள்ளே குழாயாக வைத்து, மூடியில் திசைகாட்டி பொருத்திய பிடிகளில், அலகு ஒரு சின்னத் தண்டில்தான் நிற்கிறது. விறகுக்கு நடுவில் வைத்துக் கட்டையால் தட்டும்போது அங்கேதான் முறியும். முறிந்த அலகு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மடக்குக்கத்தியில் ஆபத்து பூட்டில். வீட்டிலேயே விரித்து, முதுகுப்பக்கத்தை ஒரு மரத்துண்டில் மெல்லத் தட்டிப் பாருங்கள். அலகு மடங்கி வரும் பாதையில் விரல் இருக்கக் கூடாது. பூட்டு நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம். மெல்லிய துணி உறையும் ஆபத்துதான். வழுக்கி விழுந்தால் முனை உறையைத் துளைத்துத் தொடைக்குள் போகும். உட்கார்ந்து சீவும்போதும் தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவாதீர்கள். உள்தொடையில் ஓடுவது பெரிய தமனி. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

இனி சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே என வடிவமைத்த பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாட்டுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை இன்னும் கறார்: பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் அதில் சொன்ன அகலமும் இருந்தாலே வழக்கு வரும். நான்கு அங்குல முகாம் கத்தி 9 அங்குல வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் வேலைக்கான கருவி என்று நீங்கள் வாதாட வேண்டிய நாளில், பெட்டியின் மேலிருக்கும் 'கமாண்டோ' உங்களுக்குத் துணை வராது. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

பலருக்கும் தெரியாதது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதில் ஆயுதம் என்பதன் விளக்கத்திலேயே கத்தி இருக்கிறது. நீளம், அகலம் என்ற பேச்சே இல்லை. 31-ஆம் பிரிவின்படி, எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே விதி. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதுமலையிலோ கொடைக்கானல் சரணாலயத்திலோ சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால், கத்தி ஐந்நூறு ரூபாயா, ஐம்பதாயிரமா என்று வனவர் கேட்கப்போவதில்லை. மலையேறப் போனவர்கள் சிக்கிய 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன; 2024-இல் அரசே வழிகாட்டிகளோடு நாற்பது பாதைகளைத் திறந்தது. அந்தப் பாதைகளில் மரம் வெட்டவும் தீ மூட்டவும் வழியில்லை. சோற்றுப்பொட்டலம் பிரிக்கக் கத்தி எதற்கு? உங்கள் தோட்டத்துக்கும் தனியார் முகாம்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கத்தி சொன்னபடி இல்லையென்றால் என்ன செய்வது? 'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம். இவை இல்லாத கத்தியை வாங்காமல் விடுவதே நல்லது.

கத்தி முறிந்து காயம்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்திப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது இந்தியச் சட்டம் எட்டாத இடத்தில் இருக்கிறார் என்றால், விற்றவரே பதில் சொல்ல வேண்டி வரும். பெயர் தெரியாத இறக்குமதிக் கத்தி வாங்கியவருக்குப் பிடிமானம் இதுதான். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? தவறாகப் பயன்படுத்தினார், மாற்றியமைத்தார் என்று சொல்லும். கத்தி வெட்டும் என்பது யாருக்கும் தெரிந்த ஆபத்துதானே என்றும் கேட்கும். அதனால் 'விறகு பிளக்கலாம்' என்று விளம்பரத்தில் இருந்தால், வாங்கும் அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்பவர் பிறகு அதை நீக்கிவிடலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில், மருத்துவமனைச் சீட்டு, முறிந்த அலகு, பிடி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், பொருளை அனுப்பிவிடுங்கள் என்று கூரியர் ஆளை அனுப்புவார்கள். காயத்துக்கு இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால், உடைந்த துண்டுகளை அவரிடம் கொடுக்காதீர்கள்.