காப்பி விளைச்சல் பெருக விதைத் தேர்வு

தருமபுரி மாவட்டம் என்றவுடன் ராகியும் சாமையும் புளியும் மாவும் நம் நினைவுக்கு வருகின்றன. காப்பியும் இம்மாவட்டத்துப் பயிர் என்பதைச் சமவெளியில் வாழ்வோர் பலர் அறியார். அண்டையிலுள்ள சேர்வராயன் மலையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய இப்பயிரை, வத்தல்மலையின் மலைவாழ் குடியானவர்கள் மர நிழலில் மிளகுடன் சேர்த்து வளர்த்து வருகின்றனர்.

ராகியில் விதை பொய்த்தால் ஒரு போகம் நஷ்டமாகும்; மறு போகத்தில் ஈடு செய்து கொள்ளலாம். காப்பியின் நிலை வேறு. செடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலும் அது தோட்டத்தில் நிற்கும். ஆகவே, இன்று நாம் நாற்றங்காலில் இடும் விதை நம் மக்களின் வருவாயையும் நிர்ணயிக்கிறது.

அனுபவம் கற்பித்த பாடம்

1869-ல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய், அந்நாட்டின் காப்பித் தோட்டங்களையே அழித்தது. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினர். நம் நாட்டிலும் அந்நோய் பரவியது. 1911-ல் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்னும் தோட்டக்காரர், நோயைத் தாங்கி நின்ற செடியைத் தேர்ந்து பெருக்கினார். ‘கென்ட்’ வகை எங்கும் பரவியது. ஆயினும், நாளடைவில் துருநோயின் புதிய இனங்கள் தோன்றி அதனையும் தாக்கின.

1925-ல் பாலெஹொன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தார், எஸ்.288 என்னும் வகையைக் கென்டுடன் கலந்து எஸ்.795 வகையை உருவாக்கினர். அது 1940-களில் விவசாயிகளை எட்டியது. 2007-ல் குட்டையாக வளரும் ‘சந்திரகிரி’ வகை வெளியாயிற்று. தேர்வு ஒரு முறையோடு முடிவதன்று என்பதே இவ்வரலாறு கூறும் பாடம்.

தாய்ச்செடி எது?

உயர்ந்த மலைகளுக்கு ஏற்ற அராபிகாச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஆதலால், நிலைபெற்ற வகையின் விதை ஏறக்குறைய தாயைப் போலவே செடி தரும். ரோபஸ்டாவோ பிற செடியின் மகரந்தத்தை நாடுவது. அதன் விதை நாற்றுகள் பலவாறாக வேறுபடும். சிறந்த ரோபஸ்டாச் செடியை அப்படியே பெருக்கத் தண்டுத் துண்டு அல்லது ஒட்டு முறையே தக்கது.

ஓராண்டுக் காய்ப்பைக் கண்டு மயங்கலாகாது. நிறையக் காய்த்த செடி அடுத்த ஆண்டு ஓய்ந்து போவது காப்பியின் இயல்பு. எருக்குழியின் ஓரத்தில் நிற்கும் செடி செழித்திருப்பது எருவின் சிறப்பேயன்றிச் செடியின் சிறப்பன்று. ஒரே நிழலும் ஒரே எருவும் பெற்ற செடிகளுள், நான்கைந்து ஆண்டுகள் சீராகக் காய்ப்பதும், துருநோயும் தண்டுத் துளைப்பானும் அணுகாததும், சப்பை மணி குறைந்ததுமான செடியைத் தேர்ந்து அடையாளமிட வேண்டும். ஆண்டுதோறும் பறித்த பழத்தின் எடையையும் குறித்து வைத்தல் வேண்டும்.

நன்கு பழுத்த பழங்களைப் பறித்து நீரிலிட்டு, மிதப்பவற்றை நீக்க வேண்டும். மற்றவற்றின் தோலை நீக்கி, சலித்த மரச் சாம்பல் கலந்து நிழலில் உலர்த்த வேண்டும். இவ்விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்குமாதலால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தாமதமின்றி விதைத்திடல் நலம்.

பஞ்சாயத்தின் கடமை

சிறு விவசாயி ஒவ்வொருவரும் தனித்தனியே நல்ல விதை தேடுவது கடினம். பஞ்சாயத்து முன்னின்று அனைவரின் தேவையையும் கணக்கிட்டு, காப்பி வாரியத்திடம் முன்கூட்டியே விதை கேட்டுப் பெறலாம். பொது நாற்றங்கால் ஒன்றும் அமைக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடியில் வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. எந்த வகை நாற்று எவர் நிலத்தில் நடப்பட்டது என்பதற்கு ஒரு பதிவேடு வைத்தால், பத்தாண்டுகளுக்குப் பின் நம் மலைக்கு உகந்த வகையை நம் ஊர்க் கணக்கே எடுத்துக் கூறும். வழியில் கிடைத்த நாற்றை வாங்கி நடும் வழக்கத்தை இன்றே கைவிடுவோமாக.