வெயில் ஏன் மனநோயாளிகளைக் கூடுதலாகத் தாக்குகிறது?

2021 ஜூன் கடைசியில் கனடாவின் லிட்டன் ஊரில் வெயில் 49.6 டிகிரியைத் தொட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அந்த ஒரு வாரத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர், பெரும்பாலோர் வீட்டுக்குள்ளேயே. பிறகு கணக்குப் பார்த்தபோது, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஏன்? மனச்சிதைவு மாத்திரைகள் சில, உடல்சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியை மந்தமாக்கும், வியர்வையையும் குறைக்கும். லித்தியம் என்ற மனநோய் மருந்தின் கதை வேறு. வியர்த்து உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அது ஏற ஏற கை நடுங்கும், நடை தள்ளாடும். கதவைத் தட்டிப் பார்க்க ஆளில்லாத வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.