சாவிக்கொத்து யாரிடம்?

வாங்கோ, உள்ளே வாங்கோ! வயர் காலில் தடக்கும், பார்த்து. நோயாளர் பதிவேட்டு மென்பொருளின் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம்.

சல்லியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிற ஆச்சியின் சொப்பிங் பையில் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். மூலைகள் மடிந்து, ஈரம் பட்டு உப்பியிருக்கும். ஆனால் அது ஆச்சியின் கையில் இருக்கும். அதே விவரம் கணினிக்குள் போனால் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது.

நோயாளர் பதிவேட்டுக்கென்று ஓப்பன்எம்ஆர்எஸ் என்றொரு கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். கென்யாவின் எல்டொரெட் பக்கம் எச்.ஐ.வி. நோயாளர்களைப் பராமரித்தவர்களின் தேவையிலிருந்து 2004இல் தொடங்கியது. ஓப்பன்ஈஎம்ஆர் இன்னொன்று, அதைவிட மூத்தது. 2016இல் இரண்டு பக்கத்துத் தொண்டர்கள் சிலர் ஒன்றுகூடி, இரண்டின் நிரலையும் நகலெடுத்துக் கிளை பிரித்து, லிப்ரேஹெல்த் என்று புதுக்குடித்தனம் போட்டார்கள். கென்ய மருத்துவர் ஜூடி கிச்சோயா, இந்தியாவிலிருந்து அமெரிக்கா போன பேராசிரியர் சப்தர்ஷி புர்க்காயஸ்தா ஆகியோர் அதன் முன்வரிசையில் நின்றார்கள். முடிவுகளைத் திறந்த வெளியில், சமூகமே எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை.

இனித்தான் கூத்து! நிரல் முழுவதையும் நகலெடுக்க ஒரு பொத்தான் போதும். ஊற்றிய தேத்தண்ணி ஆறமுதல் வேலை முடிந்துவிடும். (பதறாதேயுங்கோ, போவது நிரல் மட்டும்தான். ஒரு நோயாளியின் பெயர்கூட அதோடு போகாது.) பிறகு வருகிறது பெயர் மாற்றுகிற வேலை. உரிமம் நிரலைத் தரும், வணிகப் பெயரைத் தராது. ஆகவே திரை திரையாகப் போய்ப் பழைய பெயரையும் இலச்சினையையும் கழற்ற வேண்டும். ஆனால் முன்பு எழுதியவர்களின் பதிப்புரிமைக் குறிப்பில் கை வைக்கக் கூடாது. வீடு பிரிந்தாலும் தாத்தாவின் படம் சுவரில் இருந்தே ஆக வேண்டும்!

அதற்கும் பிறகுதான் உண்மையான கேள்விகள். இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சேர்வரின் கடவுச்சொல் யாரிடம்? யார் அனுப்பிய திருத்தத்தை யார் சேர்ப்பது? காசு எந்தக் கணக்கில்? இவைதான் சாவிக்கொத்து. லிப்ரேஹெல்த் காசையும் சட்ட அலுவலையும் நியூயோர்க்கின் சொஃப்ட்வெயர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற இலாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பிரிந்து போவதற்கும் விலை உண்டு. 2018இல் ஆய்வாளர்கள் ஓப்பன்ஈஎம்ஆரில் 20க்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். கிளை பிரித்தவர்கள் பழைய நிரலை எடுக்கும்போது பழைய ஓட்டைகளையும் சேர்த்தே எடுக்கிறார்கள், அடைக்கிற வேலையோ இரண்டு இடத்திலும் நடக்க வேண்டும். கையோ குறைவு. லிப்ரேஹெல்த்துக்குக் கை கொடுத்தவர்களில் பலர் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் வந்த மாணவர்கள். அந்தத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது எது தெரியுமோ? நம்முடைய மொறட்டுவைப் பல்கலைக்கழகம்!

இலங்கைக்கு இந்த விளையாட்டு புதிதும் இல்லை. 2004 கடல்கோள் இந்தக் கரையை அடித்த கையோடு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய இங்கேயே எழுதப்பட்ட மென்பொருள் சஹானா. லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் வளர்த்த பிள்ளை அது. 2009இல் அதற்கென்றே தனி அறக்கட்டளை பிறந்தது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய முதல் வடிவத்துக்குப் பக்கத்தில் பைதனில் ஈடன் என்ற இன்னொரு வடிவமும் வளர்ந்தது. ஒரு நாட்டின் அவசரத்துக்கு எழுதியது பல நாடுகளின் சொத்தாகிவிட்டது.

எச்எச்ஐஎம்எஸ் என்ற கட்டற்ற வைத்தியசாலைப் பதிவேட்டு மென்பொருள் தொம்பே போன்ற நம் அரச வைத்தியசாலைகளில் ஏற்கனவே ஓடியிருக்கிறது. ஆகவே திறந்த நிரல் நமக்கு எட்டாக் கனி இல்லை. எட்டாதது நிர்வாகக் குழுவில் நோயாளிக்கு ஒரு கதிரை. லிப்ரேஹெல்த்திலும் அதிகம் பேசியது நிரல் எழுதுபவர்களும் மருத்துவர்களும்தான், அது என் மனக்குறை.

உங்கள் ஊர் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் புதிய கணினித் திட்டம் பற்றிப் பேச்சு வந்தால், விலையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதேயுங்கோ. சாவிக்கொத்து யாரிடம் இருக்கும் என்று எழும்பிக் கேளுங்கோ. பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் சொல்லுங்கோ.